இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை

ஒன்றரை அங்குல ஆணியைச் சுவரில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையில் சுத்தியலோடு அம்சவேணி நின்றுகொண்டிருந்தாள். மணி இரண்டே காலைத் தாண்டியிருந்தது. நிற்க ஆரம்பித்து ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும். ஆணியின் கூர் புதுப் பெயிண்டில் கடுகளவு பள்ளம் பறித்துவிட்டது, அதற்கு மேல் கை போக மாட்டேனென்கிறது. அவளுக்கே சிரிப்பு வந்தது. விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், வீடு வீடாக ஏறி, வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களின் முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி நரம்பைத் தேடி, ஊசியை இறக்கி, ரத்தம் எடுத்து, பேர் எழுதி ஒட்டிப் பெட்டியில் வைக்கிற கை இது. பத்தொன்பது வருஷமாக ஒரு பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு அதுதான் வேலை. இன்று காலையில்கூட எட்டுப் பேர். அதில் ஒரு பெரியவருக்கு நரம்பு நூல் மாதிரி. ஒரே குத்தில் எடுத்துவிட்டாள், அவர் மருமகள் காபி கொடுத்தாள். மனுஷத் தோலில் தயங்காத கை சிமெண்ட் பூச்சில் தயங்குகிறது. இரண்டிலிருந்து நாலு வரை சத்தம் கூடாது. சுவரில் ஆணி கூடாது. இரண்டையும் யார் இப்போது சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், கைக்குழந்தையோடு வில்லிவாக்கத்தில் இந்த மூலை மனைக்குக் குடிவந்த அன்றைக்கு, முன்வீட்டிலிருந்து வந்து பின்போர்ஷன் வாசலில் நின்று கோதைநாயகி அம்மாள் சொன்னது அது. "ஆணி மட்டும் அடிக்காதேம்மா. வேற ஒண்ணும் நான் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு, வேறே ஒவ்வொன்றாகச் சொன்னார். மத்தியானம் நான் கண்ணயர்ற நேரம், மிக்ஸி போட வேண்டாம். குக்கர் விசிலா, முன்னாலேயே முடிச்சுடு. மாடியில வடாம் போடலாம், ஆனா சொல்லிட்டுப் போடு. குழந்தை அழுதா பரவாயில்ல, அது அழத்தான் செய்யும். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள் என்று அம்சவேணி பிற்பாடு பல தடவை நினைத்ததுண்டு. அவரை அவள் நேரில் அம்மா என்பாள். மற்றவர்களிடம் வீட்டுக்காரம்மா. மனதுக்குள்ளும் வீட்டுக்காரம்மாதான். இப்போதும், இந்த ஆணிக்கு அந்தப் பக்கம், அதே வீட்டுக்காரம்மா தூங்கிக்கொண்டிருப்பார்.

சுத்தியலைக் கீழே இறக்கினாள். கண்ணாடி திவானில் சாய்ந்து கிடந்தது. மூன்றடி உயரம், தேக்குச் சட்டம், மேலே கொடி மாதிரி ஒரு வேலைப்பாடு; கல்யாணத்துக்கு, புருஷன் தனபாலின் பஸ் டெப்போவில் மெக்கானிக்குகள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. ஆணி கூடாதென்றதால் போர்ஷனில் அது டிரங்குப் பெட்டி மேல், சுவரில் சாய்ந்தபடியே அத்தனை வருஷமும் இருந்தது. தலை வார வேண்டுமென்றால் முட்டியை மடக்க வேண்டும். பொட்டு வைக்கக் குனிய வேண்டும். தனபால் சவரம் செய்யும்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான், பூஜையில் உட்கார்ந்த மாதிரி. மகள் மோனிஷா நிற்கப் பழகின காலத்தில் அவளுக்குத்தான் அது சரியான உயரம். முழு உடம்பும் தெரியும், உள்ளே இருக்கிற குழந்தைக்கு முத்தம் கொடுப்பாள், எச்சிலைத் துடைக்கிறது அம்சவேணிக்கு ஒரு வேலை. பிறகு வளர வளரக் கண்ணாடியில் அவள் குறைந்துகொண்டே வந்தாள். ஐந்தாவது படிக்கும்போது கழுத்து வரைக்கும்தான். காலேஜ் முதல் நாள் அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றபோது இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது, நான் எப்படி இருக்கேன்னு நீயே சொல்லிடும்மா என்றாள். நன்றாக இருந்தாள். சொன்னாள். ஆனால் அந்தப் பெண் தன்னை முழுசாகப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் கடைகளில், சிநேகிதிகள் வீட்டில், ரயில்வே ஸ்டேஷன் எடைமெஷினில். இப்போது ஓசூரில் வேலை, அங்கே ஹாஸ்டல் பாத்ரூமில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதாம். அடுத்த வாரம் வருகிறாள். வருவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து ஓடுகிறது மனது. ஞாயிற்றுக்கிழமை தனபால் அடித்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். ஏன் வேண்டாம் என்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் ஆணி. அதைப் போய் ஒருத்தரிடம் கேட்டு வாங்குவதா என்று ஒரு இது. சரி, அதற்கு ஏன் மத்தியானம் இரண்டே கால்? காலையில் வேலை, பதினொன்றரைக்குத்தான் வந்தாள், சமையல், துணி. நாலுக்கு மேல் அடிக்கலாம். நாலுக்கு மேல் வெளிச்சம் இந்தச் சுவரை விட்டுப் போய்விடும், மட்டம் பார்க்க முடியாது. அதெல்லாம் சும்மா. விளக்கைப் போட்டால் போச்சு. இரண்டே காலுக்கு அடிக்கத்தான் ஆசை. அதை நினைத்ததும் காது சூடானது, திருட்டுத்தனமாக எதையோ தின்ற மாதிரி.

வேறு சுவரில் மாட்டினால் என்ன? வாசல் பக்கம் ஜன்னல் இரண்டு. எதிர்ப் பக்கம் மாடிப்படி. பின்பக்கம் சமையலறைத் திறப்பு. வெளிச்சம் நேராக விழுகிற, மறைப்பில்லாத ஒரே சுவர் இதுதான், இதுவோ பொதுச்சுவர். பத்திரத்தில் இருக்கிறது: மேற்படி பொதுச்சுவரில் இரு தரப்பாரும் சம பாத்தியதை உடையவர்கள். அந்த வரியை அவள் மனப்பாடமாகப் படித்து வைத்திருந்தாள். ஒன்பது அங்குலச் சுவர். அப்படியானால் நாலரை அங்குலம் அவளுடையது. ஆணி ஒன்றரை அங்குலம். உள்ளே முழுசும் போனாலும் இன்னும் மூன்று அங்குலம் அவள் பங்கே மிச்சம் இருக்கும், அதற்கப்புறம்தான் வீட்டுக்காரம்மாவின் பங்கு ஆரம்பம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, சத்தம்தான் நாலரை அங்குலத்தோடு நிற்காது. ஒரு தும்மல் அந்தப் பக்கம் கேட்கிறதா என்று முதல் நாளே தனபாலைத் தும்மச் சொல்லிப் பார்த்தாள். அவன் தும்மினான், இவள் ஓடிப்போய் அடுத்த வீட்டு வாசலில் நின்று கேட்டாள், கேட்கவில்லை. தும்மலும் ஆணியும் ஒன்றா? காதைச் சுவரில் வைத்தாள். சிமெண்டின் குளிர்ச்சி, பெயிண்ட் வாசனை, அவள் ரத்தம் ஓடுகிற சத்தம் அவளுக்கே. அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிறதா, அல்லது அது இந்தப் பக்கத்து ஃபேனா? எங்கேயோ நாற்காலி இழுபட்ட மாதிரி இருந்தது. தூங்குகிறவர் நாற்காலியை இழுப்பாரா. கீறல் ஏதாவது விட்டிருக்குமோ என்று கண் தானாக மேலே போனது. தளம் சேர்கிற இடத்தில் மயிர்க்கோடு மாதிரி ஒன்று, குடிவந்த அன்றைக்கே பார்த்தது. இன்ஜினியர் பார்த்துவிட்டு, அது பூச்சு காய்ந்ததால் வந்தது, ஒன்றும் ஆகாது என்றார். ஒன்றும் ஆகாது என்று அவளும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், பஞ்சை வைத்து அழுத்தியபடி. சொன்ன இடத்தில் சில பேருக்கு நீலம் கட்டியதுண்டு. அந்தக் கோட்டின் முனையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள், தினம் காலையில் எழுந்ததும் பார்க்கிறாள், கோடு புள்ளியைத் தாண்டவில்லை. பதினைந்து நாளாகத் தாண்டவில்லை.

காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்றுதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் நினைத்தாள். ஒரு ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்காரம்மா கூப்பிட்டனுப்பினார், கூப்பிட்டனுப்புவது வழக்கமில்லை, அவரே நேராகப் போர்ஷனுக்குள் வந்து நின்று பேசுவதுதான் வழக்கம், கதவு சாத்தியிருந்தாலும் தள்ளிக்கொண்டு. முன்வீட்டு டைனிங் மேஜையில் வழவழப்பான காகிதத்தில் கலர் கலராக ஒரு கட்டடப் படம் விரித்திருந்தது. தெருவில் எல்லாரும் பேசிக்கொண்டதுதான். ஒன்றரை கிரவுண்டு, மூலை மனை, வீட்டுக்கார ஐயா போய்ச் சேர்ந்தாயிற்று, பையன் ரகு பெங்களூரில், பில்டர் வராமல் இருப்பானா. இரண்டு தெரு தள்ளி அப்படித்தான் மூன்று வீடு போயிற்று. அம்சவேணி போர்ஷனிலிருந்து முன்வீட்டுக்கு நடந்த அந்த இருபது அடிக்குள் புது வாடகை, புது ஏரியா, எருக்கஞ்சேரியா கொரட்டூரா, லாரிக்கு எவ்வளவு, எல்லாம் யோசித்து முடித்துவிட்டாள். வீட்டுக்காரம்மா படத்தில் விரலை வைத்தார். "பன்னெண்டு வீடாம். அதுல மூணு எனக்காம். நல்லாத்தான் இருக்கு. இதுல என் வாசல் எதுப்பான்னு கேட்டேன். லிஃப்ட்டைக் காட்றான்." அம்சவேணி தலையை ஆட்டினாள். "அப்ப மண்ணுல என்னுது எதுன்னேன். எல்லாருக்கும் பங்கு இருக்கு மேடம், ஆனா பிரிக்க முடியாதுங்கறான். பிரிக்க முடியாத பங்கை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எம் புள்ளைக்கும் எனக்குமே பிரிச்சு வெச்சாத்தான் பேச்சு வார்த்தை நல்லாருக்கு." பிறகு படத்தைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளையில், பால்பாயிண்ட் பேனாவால், கோணலாக அவரே ஒரு நீளக் கட்டம் வரைந்து அதை நாலாகப் பிரித்திருந்தார். பக்கத்துத் தெருவைப் பார்த்து நாலு வாசல். ஒவ்வொன்றும் இருபத்திரண்டு அடி அகலம், நாற்பது அடி நீளம், கீழே மேலே. "மூலையில எனக்கு. கடைசி ரகுவுக்கு. மூணாவதை வித்தாத்தான் கட்டுற செலவுக்கு ஆகும், பேங்க்ல வேலை பாக்கற புருஷன் பொண்டாட்டி ஒருத்தர் கேக்கறாங்க. ரெண்டாவது இருக்கு. நீ எடுத்துக்கறியா?" வாடகை எவ்வளவும்மா வரும் என்றாள் அம்சவேணி. வீட்டுக்காரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "வாடகைக்கு இல்ல அம்சா. கிரயத்துக்கு." அந்தச் சொல்லை அவள் அதற்கு முன் காதால் கேட்டதே இல்லை என்பது மாதிரி இருந்தது. எழுந்து நின்றுவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். ஏன் எங்களுக்கு என்று கேட்டாள், கேட்டிருக்கக்கூடாது என்று பட்டது. அவர் யோசித்துவிட்டு, "புதுசா ஒருத்தரைப் பழக்க எனக்கு வயசில்ல" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது தனபால் சாப்பிட்ட கையோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். லோன், சம்பளம், பி.எஃப் எல்லாம் கேட்பான் என்று பார்த்தால், கை காய்ந்தபிறகு அவன் கேட்டது ஒன்றுதான். "மொட்டைமாடி நமக்கா?" நமக்குத்தான் என்றாள். "கேக்காம போலாமா?" போகலாம் என்றாள். சரி என்றான்.

கட்டி முடிக்கப் பதின்மூன்று மாசம். அதுவரைக்கும் அவர்கள் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரம்மா பெங்களூருக்குப் போனார். அடுக்குமாடியில் கெடுதல் ஒன்றுமில்லை, காற்று நன்றாக வந்தது. அவள் தினமும் ஏறி இறங்குகிற வீடுகளில் பாதிக்கு மேல் அடுக்குமாடிதான், காலை ஆறு மணிக்கு மனுஷர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டியபடியே சிலர் வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். இது என் பெண் கட்டிக்கொடுத்தது, இது லோன் முடிந்துவிட்டது, இந்த பால்கனிக்காகத்தான் வாங்கினோம். ஒரு டீச்சர் அம்மா, ஏழாவது மாடி, ஊசி ஏறும்போது எப்பவும் தன் வீட்டு வாசற்படியையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பார்க்கிறீங்க என்றால், கதவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான் என்னுது, அந்தப் பக்கம் மிதியடி போட்டால்கூட சங்கத்தில் கேட்கணும் என்பார், சிரித்துக்கொண்டு. மிதியடி. நம் வாசலில் ஒரு மிதியடி போட்டிருக்கிறோம், மோனிஷா ஆன்லைனில் அனுப்பியது, அதைத் தட்டி வெயிலில் வைக்க வேண்டும். என்ன யோசித்துக்கொண்டிருந்தோம். ஆமாம், கட்டுகிற காலம். வேலை முடிந்து திரும்பும்போது தினமும் வண்டியை இந்த வழியாக விட்டுப் பார்ப்பாள். பழைய வீடு மூன்று நாளில் போய்விட்டது. போர்ஷன் ஒரே காலையில். அவள் சமைத்த இடம், மோனிஷாவுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை செருகின நிலைப்படி, எல்லாம் ஒரு லாரி லோடுகூட வரவில்லை. பிறகு மனை வெறுமே கிடந்தபோது அவளுக்கு ஒரு பயம் வந்தது: இவ்வளவு சின்ன இடமா? வீடு நின்றபோது பெரிசாக இருந்தது, இடித்தபிறகு பார்த்தால் தெருக்கோடியில் ஒரு கைக்குட்டை மாதிரி கிடக்கிறது, இதில் நாலு வீடா? கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டபோது இன்னும் சின்னதாகத் தெரிந்தது. இதற்காகவா என்று ஒரு வாரம் தூக்கமில்லை. சுவர் எழும்பினதும் பெரிசாகிவிட்டது. அது எப்படி என்று இன்ஜினியரைக் கேட்டாள், எல்லாருமே அப்படித்தான் கேட்பார்கள் என்றார். எதிர்வீட்டு பக்தவத்சலம் ஒரு நாள் இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டார். ஒரு வீடு இருந்த இடத்தில் நாலு வீடா, நாலு வண்டி, நாலு மோட்டார், நாலு வீட்டுக் குப்பை, தெரு தாங்குமா? மனு எழுதி எல்லாரிடமும் கையெழுத்துக்குப் போனார். பெங்களூரிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரம்மா நேரே அவர் கேட்டுக்குப் போய் நின்றார். "நாலு கோலம்னும் சேத்து எழுதுங்க சார்" என்றார். "வண்டி எல்லாம் அவங்கவங்க வாசலுக்குள்ள நிக்கும். ரோட்டுல நின்னா என்னைக் கேளுங்க." மனுவுக்கு ஏழு கையெழுத்து சேர்ந்தது, பிறகு அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு மனுஷர் வந்தார், இரண்டு தரம் பாயசம் வாங்கிக்கொண்டார், மாடி வரைக்கும் ஏறிப் பார்த்தார், கிளம்பும்போது இன்ஜினியரை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டது அம்சவேணி காதிலும் விழுந்தது. "என் மனை அகலம் கம்மி. எனக்கு ரெண்டு பொண்ணு. ரெண்டா வருமா?"

எல்லாம் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது. இப்படி ஒன்றும் கெட்டுப்போகாமல் ஒரு காரியம் நடந்தால் எங்கேயோ எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோமென்று தோன்றும் அவளுக்கு. ரத்தம் ஒரே குத்தில் வந்துவிட்டால்கூடப் பேர்ச் சீட்டை இரண்டு தரம் பார்ப்பாள். பத்திர ஆபீஸில் கேமரா முன்னால் உட்காரச் சொன்னபோது கண்ணை மூடிவிட்டாள், மறுபடி எடுத்தார்கள். கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். முதலில் அவள் பேர், பிறகுதான் தனபால். பட்டாவில் தனி உட்பிரிவு எண். வீட்டு வரி ரசீதில் தனி எண். கரண்ட் மீட்டரில் கூட. இந்தக் காகிதம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறாள், பீரோ மாடியில், மாடிக்கு இரண்டு கதவு, கீழே ஒரு கதவு. மழை வந்தால்? இந்தத் தெருவில் முழங்கால் வரைக்கும் வந்தது ஒரு வருஷம். அதனால்தான் மூன்றடி உயர்த்திக் கட்டியது. வேலை போனால்? தனபாலுக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ். ஆறு வருஷம். அதற்குள் மோனிஷா கல்யாணம், அவள் பண்ணிக்கொள்வாளோ மாட்டாளோ. வருகிறவன் இந்தக் கண்ணாடியில் நின்று தலை வாருவான். எவ்வளவு உயரம் இருப்பானோ. அப்படியென்றால் ஆணியை இன்னும் இரண்டு அங்குலம் மேலே அடிக்க வேண்டும். இப்போது வைத்த பள்ளம் சரியா? அவளுக்குச் சிரிப்பு மறுபடி வந்தது. வராத மாப்பிள்ளைக்கு உயரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், மத்தியானம் இரண்டரை மணிக்கு, சொந்தச் சுவருக்கு முன்னால், சுத்தியலோடு. வெளிச்சம் ஜன்னல் கம்பி நிழலோடு சுவரில் விழுந்து, அவள் கையில் கோடு கோடாக ஏறியிருந்தது. வயிறு நிறைந்திருந்தது. வத்தக்குழம்பு நன்றாக அமைந்துவிட்டது இன்றைக்கு. கால் வலி இருக்கிறது, ஆனால் இந்தத் தரையில் நின்றால் அந்த வலிகூட ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. ரொம்ப யோசித்தால் இப்படியே மணி நாலாகிவிடும். அடித்துவிட வேண்டியதுதான். மூன்று அடி. நாலே அடி. சத்தம் கேட்டு அந்தம்மா எழுந்து வந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். மன்னிப்பு எதற்கு? ஏன் கேட்க வேண்டும்? சரி, கேட்காமல் இருக்கலாம். பழையபடி ஆணியைப் பள்ளத்தில் பொருத்தினாள், இரண்டு அங்குலம் மேலே என்பதை மறந்தே போனாள், சுத்தியலைக் காது வரைக்கும் தூக்கினாள். அப்போது ஏதோ கிணுகிணுவென்று கேட்டது. என்ன சத்தமென்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஃபோன் இல்லை. அடுப்பு இல்லை. இரண்டாம் தடவை ஒலித்தபோதுதான் தெரிந்தது, அது அவள் வீட்டுக் காலிங் பெல். அதை அமுக்குகிற மாதிரி இதுவரைக்கும் யாரும் வரவில்லை.

கதவைத் திறந்தாள். வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மிதியடிக்கு அந்தப் பக்கம். கக்கத்தில் ஒரு தலையணை.

"தூங்கிட்டிருந்தியா?"

"இல்லம்மா. உள்ள வாங்க. எதுக்கு வெளியில நிக்கிறீங்க?"

அவர் உடனே உள்ளே வரவில்லை. தலையை நீட்டி ஹாலைப் பார்த்தார். கண்ணாடி, ஆணி, சுத்தியல் எல்லாவற்றின் மேலும் பார்வை போயிற்று, எதையும் கேட்கவில்லை. எழுபத்து நாலு வயது. தூக்கமில்லாதவர்களின் கண் எப்படி இருக்குமென்று அம்சவேணிக்குத் தெரியும், தினமும் பார்க்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு தட்டியிருந்தது.

"பதினஞ்சு நாளா மத்தியானம் தூக்கமே இல்ல அம்சா. ராத்திரி வருது. மத்தியானம் வரல. கட்டிலை இப்படிப் போட்டுப் பாத்தேன், அப்படிப் போட்டுப் பாத்தேன். ரூம் நல்லாத்தான் இருக்கு. ஏ.சி. கூட போட்டுக் குடுத்திருக்கான் ரகு." தலையணையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "இன்னிக்குத்தான் வெளியில நின்னு பாத்தேன். அந்தக் கரண்ட் கம்பம் இருக்கே, அது எனக்குப் படுத்தா ஜன்னல்ல நேரா தெரியும். முப்பத்தெட்டு வருஷமா. இப்ப அது உன் ஜன்னலுக்கு நேரா நிக்குது."

அம்சவேணி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். கம்பம் நின்றது. கம்பி நடுவில், ஒரு காக்காயோடு. இத்தனை நாளில் அவள் அதைக் கம்பம் என்றுகூடக் கவனிக்கவில்லை. அப்படியென்றால் முன்வீட்டுப் படுக்கையறை இங்கே. அவள் நிற்கிற இடத்தில். இத்தனை நேரம் யார் தூங்குகிறார் என்று பயந்துகொண்டு நின்றாளோ அவர் தூங்கிய இடத்தில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். எதையோ எடுத்துக்கொண்டுவிட்ட மாதிரி நெஞ்சுக்குள் ஒரு இழுப்பு இழுத்தது. விலை கொடுத்தாயிற்று, பத்திரம் இருக்கிறது, இருந்தாலும் இழுத்தது.

"கொஞ்ச நேரம் படுத்துப் பாக்கட்டா?" என்றார் வீட்டுக்காரம்மா. "உனக்குத் தொந்தரவு இல்லன்னா. ஒரு அரை மணி. தூக்கம் வரலன்னா எந்திரிச்சுப் போயிடறேன்."

இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. "இதென்னம்மா கேக்கறீங்க" என்று ஆரம்பித்தாள், பிறகு அது சரியாகப் படவில்லை. அவர் கேட்டிருக்கிறார், பதில் சொல்ல வேண்டும். "படுங்கம்மா" என்றாள்.

கண்ணாடியைத் திவானிலிருந்து இறக்கிப் படிக்கட்டு ஓரமாகச் சாய்த்தாள். வீட்டுக்காரம்மா திவானை வேண்டாமென்றார். ஜன்னலுக்கு நேராகக் கையைக் காட்டினார், அங்கே பாயை விரிக்கச் சொன்னார்.

"தரையில படுத்தா எந்திரிக்க முடியுமாம்மா?"

"நீ தூக்கி விடு."

கையைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தாள். முழங்கை மடிப்பில் நரம்பு நன்றாகப் புடைத்திருந்தது, ஒரே குத்தில் வரும் என்று கண் அதன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. வீட்டுக்காரம்மா தலையணையை இரண்டு தட்டு தட்டி, ஒருக்களித்துப் படுத்து, ஜன்னலைப் பார்த்தார்.

"ஆணி அடிக்கப் போனியா?"

"ஆமாம்மா. அந்தக் கண்ணாடிக்கு."

"அடிச்சுக்க. எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்புறம் அடிச்சுக்கறேன்."

"பெரிய ஆணியா பாத்து அடி. அது கனமான கண்ணாடி" என்றார். அந்தக் கண்ணாடி போர்ஷனில் டிரங்குப் பெட்டி மேல் சாய்ந்திருந்ததை இத்தனை வருஷமும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி வாய் அசைந்தது. கண் மூடியிருந்தது. சுவாசம் ஒரு தரம் இழுத்து விட்டு, பிறகு சீராகிவிட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அம்சவேணி ஃபேனை ஒரு புள்ளி குறைத்தாள். குழாய் சொட்டுகிறதா என்று போய்ப் பார்த்தாள், சொட்டவில்லை. மிக்ஸியில் இஞ்சி பூண்டு அரைக்க வேண்டியிருந்தது, அதை அம்மிக்குழவியால் நசுக்கிக்கொள்ளலாம், அதுவும் சத்தம்தான், நாலுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். கைபேசியை அமைதியில் போட்டாள். இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதே அவளுக்குத் தோன்றியது, இருபத்து மூன்று வருஷமாக இதே நேரத்தில் இதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறோம், ஆனால் இன்றைக்குக் கை வேறு மாதிரி இருக்கிறது. எந்த மாதிரி என்று யோசிக்கப் போனால் பிடி கொடுக்கவில்லை, விட்டுவிட்டாள். திவானில் உட்கார்ந்து காலை மடித்துக்கொண்டாள். தூங்குகிறவரின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று வெளியே பார்த்தாள். கம்பத்தில் இப்போது இரண்டு காக்காய்.

மூன்று மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தெருக்கோடியில் காய்கறி வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, பதிவு செய்த குரலில், தக்காளி வெங்காயம் முருங்கக்கா கத்தரிக்கா என்று நிறுத்தாமல் கூவுகிற வண்டி. இந்தப் பக்கம் புதுசு, நாலைந்து நாளாகத்தான் வருகிறது. வாசலுக்கு நேரே வந்து நின்று ஐந்து நிமிஷம் கூவும். அவள் பூனை மாதிரி எழுந்து, கதவை ஓசையில்லாமல் திறந்து, செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். தார் சுட்டது. கையை விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். வண்டிக்காரர் பிரேக் போட்டார்.

"அண்ணே, மைக்கைக் கொஞ்சம் அமத்துங்க. வீட்டுல தூங்கறாங்க."

அவர் அவளையும், அவள் வெறுங்காலையும், திறந்து கிடந்த வாசலையும் பார்த்தார். ஒலிபெருக்கியை நிறுத்தினார். குரலையும் இறக்கிக்கொண்டார்.

"வீட்டுக்காரம்மா தூங்கறாங்களாம்மா?"

"இல்லண்ணே" என்றாள் அம்சவேணி. "வீட்டுக்காரம்மா நான்தான். பக்கத்து வீட்டம்மா தூங்கறாங்க."

அவர் தலையை ஆட்டினார், அது அவருக்கு ஒரு விஷயமாகப் படவில்லை. கொத்தவரங்காய் பிஞ்சாக இருந்தது. நின்றதற்கு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு, கால் சுடச் சுட, குதிகாலில் தாவித் தாவி வீட்டுக்குள் போனாள்.